அப்பா ஏறிய சுற்றுலா பஸ்

மே 11

என் செல்ல அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. எப்போதும்போல நீ வேலை பார்க்கும் பள்ளி முகவரிக்கு அனுப்பாமல் வீட்டுக்கே எழுதுகிறேனே என்று பயப்படாதே. இனி ஒளிக்க வேண்டியதில்லை. நேற்று அப்பா என் பஸ்ஸில் வந்தார்.

சத்தியமாக. காலையில் தலை எண்ணிக்கொண்டே போகிறேன், கடைசி வரிசையில் கறுப்புக் கண்ணாடி, புதுத் தொப்பி. ஆறு வருஷம் ஆனால் என்ன, அந்தக் காதுகளை எந்தத் தொப்பி மறைக்கும்? என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிச்சயம் செய்த கல்யாணத்தை உதறிவிட்டு வந்தவளிடம் அவரே முதலில் பேசினால் கௌரவம் என்னாவது? நானும் தெரியாதவள் மாதிரியே இருந்தேன்.

என்ன வெயில் அம்மா. துறைமுகத்தில் தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. நான் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்து முன்னால் நடக்க, பின்னால் அப்பாவின் இருமல். கோட்டையில் அதைக் கட்டிய வருஷத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். பலகையைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். என் கணக்கு நோட்டைத் திருத்தும்போது செருமுவாரே, அதே செருமல். உடனே மாற்றிச் சொன்னேன்.

கலங்கரை விளக்கத்தில் நூற்றுப் பதினாறு படி. அவருக்கு மூச்சு வாங்கியது. அவருக்காகவே இருபது படிக்கு ஒருமுறை எல்லோரையும் நிறுத்திக் கதை அளந்தேன். கூட ஏறிய ஒரு அம்மாள், "தனியாவா வந்தீங்க?" என்று கேட்டார். "அவளால வர முடியலம்மா" என்றார் அப்பா. உன் முழங்காலைச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். உச்சிக்குப் போனதும், அவர் காதில் விழட்டும் என்றே மைக்கில் சொன்னேன்: "எங்கம்மா கடலையே பார்த்ததில்ல. ஒருநாள் கூட்டிட்டு வந்து இந்த இடத்துல நிக்க வைப்பேன்." அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்லும் கரைந்துவிட்டது அம்மா.

இறங்கும்போது, "ரொம்ப நல்லா சொன்னீங்கம்மா" என்றார். எனக்கு மரியாதையாம். பஸ் காலியானதும் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

போன் அவர் கையில்தானே இருக்கும், அதனால்தான் கடிதம். நீ முதலில் அவரிடம் பேசிவை. அடுத்த மாதம் இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள்.

உன் வாலு


மே 15

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை நான்தான் பிரித்தேன். வீட்டில் வேறு ஆள் இல்லை.

உன் அம்மா ஏப்ரல் 21 அன்று காலை இறந்துவிட்டாள். நெஞ்சுவலி. மூன்று நாள் தீவிர சிகிச்சை அறையில் இருந்தாள். முதல் நாளே உன் விலாசத்தை மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி என் சட்டைப்பையில் வைத்து, "பாப்பாவை வரச் சொல்லுங்க" என்றாள். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். மறுநாளும் கேட்டாள். "நீ முதல்ல எந்திரிச்சு உட்காரு, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். பிழைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆறு வருஷ வீம்பை ஒரே நாளில் எப்படி விடுவது என்றும் நினைத்தேன். மூன்றாம் நாள் அவள் எதுவும் கேட்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதைச் சொல்லத்தான் வந்தேன். உன் ஆபீஸில் கேட்டபோது, நீ பஸ்ஸில் இருக்கிறாய் என்று ஒரு டிக்கெட்டைக் கையில் கொடுத்தார்கள். துறைமுகத்தில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், கோட்டையில் பார்த்தேன். அத்தனை பேரை நீ கட்டி மேய்ப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். உச்சியில் வாயைத் திறந்தேன். அப்போதுதான் நீ மைக்கில் அதைச் சொன்னாய். அதற்குமேல் நாக்கு எழவில்லை.

கறுப்புக் கண்ணாடி உனக்கு அடையாளம் தெரியாமல் இருக்கப் போட்டதல்ல பாப்பா. கண் வீங்கியிருந்தது.

மன்னிக்கச் சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டுக்கு வா.

அப்பா


மே 21

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது.

நீங்கள் வந்துபோன சந்தோஷத்தில் மறுநாள் டிரைவர் அண்ணனுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். "எங்கப்பா என்னைத் தேடி வந்துட்டார்" என்று ஆபீஸ் முழுக்கச் சொன்னேன். அம்மாவுக்கு, மணலில் நடக்க வசதியாக, ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். அவள் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

எட்டு மணி நேரப் பயணம்தான் அப்பா. முதல் நாள் நீங்கள் சொல்லியிருந்தால் இரண்டாம் நாள் அவள் கையைப் பிடித்திருப்பேன். என்மேல் இருந்த கோபத்தை என்னிடம் காட்டியிருக்கலாம். அவளிடம் ஏன் காட்டினீர்கள்?

ஜூன் 2 அன்று வருகிறேன். அம்மாவின் அறையில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். அவள் புடவைகளில் இரண்டை எடுத்துக்கொள்வேன். சாவியை எதிர்வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் காலையிலேயே வெளியே போய்விடுங்கள். உங்களைப் பார்த்தால் என்ன பேசிவிடுவேனோ தெரியாது. கொட்டினால் அள்ள முடியாது. ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுவேன்.

அதுவரை வெயிலில் அலையாதீர்கள். நூலகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்காருங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

உங்கள் மகள்