ஆல்டர்ஸ்பியின் முப்பத்தெட்டுப் பேர்

4 மார்ச் 2024, திங்கள்

ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் இருபது நிமிடம் நின்றது. பிந்திப் போனேன். ஹரிப்பிரியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள், என் மேலாளர்.

இன்று முதல் ஆல்டர்ஸ்பிப் பெட்டிகள். ஆல்டர்ஸ்பி இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில் இருந்த ஊர். இப்போது இல்லை. வீடுகள் நின்ற இடம் புல்வெளியில் மேடுமேடாகத் தெரியுமாம், தெரு ஒரு நீளப் பள்ளமாக. 1967இல் எங்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அங்கே அகழாய்வு செய்து, பழைய இடுகாட்டில் கிடைத்த எலும்புக்கூடுகளை ஆராய்ச்சிக்கென்று கப்பலில் சிட்னிக்குக் கொண்டுவந்துவிட்டார். அவரும் செத்துப் பதினைந்து வருடம். பெட்டிகள் இந்தக் கீழ்த்தளத்திலேயே கிடந்தன. இப்போது பக்கத்து ஊர்த் தேவாலயக்காரர் அடக்கம் செய்யவென்று திருப்பிக் கேட்கிறார்கள். பெட்டிகளைத் திறந்து, அகழாய்வுக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, பட்டியல் போட்டுக் கையெழுத்து வைப்பது என் வேலை. என் ஒப்பந்தம் ஜூன் வரை.

7 மார்ச், வியாழன்

குறிப்பேட்டை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அங்கேயே வாசித்தேன்.

பேராசிரியரின் புத்தகம் சொல்வது: 1349இல் கொள்ளைநோய் வந்தது, ஊர் செத்தது. அவருடைய கையெழுத்திலேயே உள்ள குறிப்பேடு சொல்வது வேறு. நான்காம் வீட்டில் வாசற்கல் நடு தேய்ந்து குழிந்திருக்கிறது. அந்த வீட்டின் அடுப்பை மூன்று முறை திருத்திக் கட்டியிருக்கிறார்கள். கடைசித் தரையில் கிடந்த பானை ஓடுகள் கொள்ளைநோய்க்கு நூறு வருடம் பிந்தியவை. அதற்கு மேலே, ஒரே நாளில் இடித்துத் தள்ளியதுபோலக் கூரையும் சுவரும். பின்னட்டையில் ஒரு பழைய விசாரணைப் பத்திரத்தின் நகல் ஒட்டியிருக்கிறது: நிலப்பிரபு பதினாறு வீடுகளை இடித்து, எண்பது பேரை வெளியேற்றி, நிலத்தை ஆடுகளுக்கு விட்டார் என்று. ஓரத்தில் பேராசிரியர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: 'பிறகு பார்க்கலாம்.'

பார்க்கவே இல்லை. புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. நோய் என்று எழுதிவிட்டால் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலப்பிரபுவின் சந்ததிதான் அவருக்குத் தோண்ட அனுமதி கொடுத்தது. முன்னுரையில் நன்றி சொல்லியிருக்கிறார்.

12 மார்ச், செவ்வாய்

குறிப்பேட்டில் முப்பத்தெட்டுப் பேர். பெட்டிகளில் முப்பத்தேழு.

இருபத்திரண்டாம் எண் இல்லை. ஆறு வயதளவில் ஒரு பிள்ளை, தெற்கு மதிலோரம். குழிக்குள் பச்சை மெருகிட்ட குடத்தின் ஓடு ஒன்று. பிந்திய காலத்து ஓடு. கொள்ளைநோயில் அழிந்ததாகச் சொல்லும் ஊரில், நூறு வருடம் கழித்து ஒரு பிள்ளையைப் புதைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையைத்தான் காணவில்லை. தற்செயலா? தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது.

13 மார்ச்

மூன்றாம் முறையும் எண்ணினேன். முப்பத்தேழு.

14 மார்ச், வியாழன்

ஹரிப்பிரியாவிடம் சொன்னேன். ஏதாவது ஆக வேண்டுமானால்தான் அவளுக்கு நான் அக்கா.

"சிவாஜினிக்கா, அறுபது வருஷம் ஆகப்போகுது. முப்பத்தேழுன்னே போட்டுடுங்க. அவர் தப்பா எண்ணியிருப்பாருன்னு வைங்க."

ஒரு பக்கம் முழுக்க அந்தப் பிள்ளையின் படம் வரைந்திருக்கிறது, விழாத பாற்பல் எத்தனை என்றுகூட எழுதியிருக்கிறது, தப்பாக எண்ணியவர் பல்லை எப்படி எண்ணினார் என்று கேட்டேன்.

"யாரு கேக்கப் போறாங்க?" என்றாள்.

நான் கேட்கிறேனே! நான் ஆளில்லையோ?

வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. சட்டியைப் போட்டு உரஞ்சிக்கொண்டிருந்தேன். என் கணவர் நாதன் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீர் ஏன் இதுக்கு இவ்வளவு கொதிக்கிறீர்? எங்கட ஊர் நினைவு வந்திட்டுதோ?"

"எல்லாத்துக்கும் ஊரை இழுக்காதேங்கோ. பொய்ப் பட்டியலிலை என்ரை கையெழுத்தைக் கேக்கினம். அதுதான்."

அவர் துடைக்கிற துணியை எடுத்தார். உண்மையைத்தான் சொன்னேன். இருபத்தாறு வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன், நான் கோபப்பட்டால் உடனே அதற்கு ஒரு யுத்தத்தைக் காரணம் காட்டிவிடுகிறார்கள். என் வேலையைப் பழுதாக்கினால் எனக்குக் கோபம் வராதா?

19 மார்ச், செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாம் மாடியில், மாணவர்களின் உடற்கூற்று ஆய்வகத்தில்.

தட்டில் 'குழந்தை, 6 வயது' என்று சீட்டு. எலும்புகளுக்கு வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். மண்டையோட்டில் எண் இருந்த இடத்தைக் கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள். இடுப்பெலும்பின் உட்பக்கத்தைச் சுரண்ட மறந்துவிட்டார்கள். கறுப்பு மையில் சின்னதாக, ஆல்டர்ஸ்பி 22.

நெற்றியில் யாரோ பென்சிலால் புருவம் வரைந்திருக்கிறார்கள்.

ஆய்வகப் பொறுப்பாளர் டேவிட், தான் வேலைக்கு வந்த நாளிலிருந்தே அது அங்கே இருக்கிறது என்றார். பாடத்துக்கு இருப்பது இந்த ஒரு பிள்ளைதான், கொடுக்க முடியாது என்றார். அழிறப்பர் கேட்டேன். தந்தார். அவர் முன்னாலேயே புருவத்தை அழித்தேன். வார்னிஷ் போகாது.

22 மார்ச், வெள்ளி

பட்டியல் என் மேசையில் இருந்தது. 'முப்பத்தேழு, முழுமையானது.' கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

மாட்டேன் என்றேன். ஹரிப்பிரியா கதவைச் சாத்தினாள். ஆய்வகத்துப் பிள்ளையை 'எங்கிருந்து வந்தது தெரியாது' என்று பதிந்தால் இரண்டு பக்கமும் சமாதானம் என்றாள். இந்த வருடம் அவளுடைய பதவியையே மறுபரிசீலனை செய்கிறார்களாம்.

"எனக்கு மட்டும் பயம் இல்லையாக்கா? உங்க கான்ட்ராக்டும் என் கையில இல்ல."

பயம் இருக்கட்டும். எனக்கும் இருக்கிறது. அதற்காக ஒரு பிள்ளையை இல்லை என்று எழுதுவதா?

மதியம், கோரிக்கை அனுப்பிய தேவாலயப் பொறுப்பாளர் மார்கரெட்டுக்கு நானே எழுதினேன். முப்பத்தெட்டுப் பேர், ஒருவர் மூன்றாம் மாடியில். குறிப்பேட்டுப் பக்கத்தையும் விசாரணைப் பத்திரத்தையும் இணைத்தேன்.

4 ஏப்ரல், வியாழன்

மார்கரெட் துணைவேந்தருக்கே எழுதிவிட்டார். முற்பகல் பத்து மணிக்கு டேவிட் தட்டைக் கீழே கொண்டுவந்து வைத்தார்.

கொள்ளைநோயில் இறந்தவர்கள் என்றுதான் கல்லறைக் கல்லில் எழுத இருந்தார்களாம். வேறு சொல் தேடுகிறோம் என்று மார்கரெட் எனக்கு எழுதியிருக்கிறார்.

29 ஏப்ரல், திங்கள்

ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. நான் முகம் பார்த்திராத ஒருவரிடமிருந்து நான்கு வரி மின்னஞ்சல். 'நிதி முன்னுரிமைகள்.'

ஹரிப்பிரியா வந்து நின்றாள். "நான் எதுவும் சொல்லலக்கா," என்றாள். நம்புகிறேன். ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் அவள் செய்தது.

23 மே

முப்பத்தெட்டும் இங்கிலாந்துக்குப் போயின. இருபத்திரண்டை நானே சுற்றிக் கட்டினேன்.

19 ஜூலை, வெள்ளி

பரமட்டாவில் ஆஸ்பத்திரிப் பதிவேட்டுப் பிரிவில் மூன்றாவது வாரம். பெயரும் பிறந்த தேதியும் சரிபார்க்கும் வேலை. யாரும் அக்கா என்று கூப்பிடுவதில்லை.

மார்கரெட்டிடமிருந்து கடிதம், படங்களோடு. போன சனிக்கிழமை அடக்கம். அறுபது பேர் வந்திருக்கிறார்கள். கல்லில், தங்கள் வீடுகளிலிருந்து துரத்தப்பட்ட ஆல்டர்ஸ்பி ஊரார் என்று வெட்டியிருக்கிறார்கள்.

ஆனால் புதைத்தது ஆல்டர்ஸ்பியில் இல்லை. பக்கத்து ஊரில். நிலம் இன்னமும் அதே குடும்பத்திடம்தான். பழைய இடுகாடு வரை போக வயலைத் திறந்துவிட முடியாது என்று நிலக்காரர் சொன்னாராம். ஆடுகள் குட்டிகளோடு நிற்கின்றனவாம்.

நாதனிடம் வாசித்துக் காட்டினேன். "இனி என்ன செய்யிறது?" என்றார்.

அந்த நிலக்காரரின் முகவரியைக் கேட்டு மார்கரெட்டுக்கு எழுதியிருக்கிறேன்.