மீன் நடுவே குளிர்ந்த பூ

சனிக்கிழமை, ஆவணி, ராத்திரி

இன்று நடந்ததை எழுதினால் ஒருவரும் நம்பப் போவதில்லை. இருந்தாலும் சத்தியமாக எழுதுகிறேன்.

அக்கா மகள் ஜினி பாலிமர் களிமண்ணில் கம்மல் செய்கிறாள். நிற நிறமான இதழ்களை அடுக்கி உருளையாக்கி, அமுக்கி நீட்டி, நேந்திரங்காய் சிப்ஸ் போல அரிந்தால் வில்லைக்கு வில்லை அதே பூ வரும். நாளை அவளுடைய கூட்டுக்காரிக்குக் கல்யாணம். தோழிகள் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரிக் கம்மல் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். எங்கள் பாறசாலைப் புழுக்கத்தில் களிமண் இளகி, கத்தி பட்டதும் பூவெல்லாம் லாரி ஏறிய தவளையானது. மிச்சம் ஒரே உருளை.

"இதும் போச்சுண்ணா நான் கல்யாணத்துக்குப் போவமாட்டேன் மாமா" என்று அழுதாள்.

"மாமன் நான் இருக்கேம்லா மக்கா? குளிந்தா இறுகும். கொண்டா இங்க."

பிரிட்ஜில் மீன் தட்டைத் தவிர வேறு இடமில்லை. சாளைக்கும் நெத்தோலிக்கும் நடுவே படுக்க வைத்தேன்.

"அய்யோ, மீன் நாறும் மாமா!"

"கல்யாண வீட்டுல மீன்கறி உண்டாக்கும். ஆரு கண்டுபிடிப்பா?"

நன்றாக இறுகியபின் அரிந்தாள். பூ! அடுத்த வில்லையிலும் பூ! கடைசி வில்லைவரை ஒரு இதழ்கூட நசுங்கவில்லை. அவள் கூவிய கூவலில் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கிடந்த நோயாளிகள் எழுந்து வீட்டுக்கு நடந்தார்கள். உதியன்குளங்கரையில் பஸ்கள் நின்றன. பெருங்கடவிளைத் தேனீக்கள் கூட்டமாக வந்து பூ வில்லைத் தட்டத்தை மொய்த்தன. ஓவனில் சுட்டு எடுத்த கம்மல்களைக் காவல் காக்கப் பக்கத்து வீட்டுப் பூனை வந்து உட்கார்ந்தது.

சரி, எனக்குள்ளே சொல்லிக்கொள்கிறேன். பூனை வந்தது நிஜம். இன்னும் போகவில்லை.