எந்த மணல்?

மாப்ளே,

வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் நேற்று ஒரு கலர் அட்டையை நீட்டினார். "சேண்ட் கலர் அடிச்சிரலாமா சார்?" என்றார். அட்டையில் ஐந்து கட்டங்கள். ஐந்துமே மணல்தானாம். விரலை வைக்க முடியாமல் எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன். அவர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார். என்னாலோ ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

இராஜபாளையம் ஜவுளிக்கடையில் நீ துணி கிழித்துக்கொண்டிருந்த காலத்தில், மணல் கலர் கேட்டு வருகிறவர்களை நீ உடனே நம்பமாட்டாய். தளவாய்புரத்துக்காரர் ஒருவர் மணல் என்று சொல்லிச் செம்மண் நிறத்தைத் தேடினார். தூத்துக்குடியிலிருந்து வந்த அம்மாள் அதே சொல்லுக்கு ஏறக்குறைய வெள்ளையை எடுத்தாள். "அவுகவுக காலுல ஒட்டுனதுதாம்லே அவுகவுகளுக்கு மணலு" என்று சிரித்தாய்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடிப்பூரம். அப்பாவைத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு அப்போதே நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. "தேர் நகண்டிருச்சாப்பா?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பத்தாவது முறையோ என்னவோ, "செத்த நேரம் சும்மா இருங்கப்பா" என்று கையை உதறினேன். பிறகு உன்னிடம் நான் சொன்னது வேறு: கூட்டத்தில் கை நழுவிவிட்டது என்றேன். உதறிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை.

ஒலிபெருக்கிக்காரர், "என்ன சட்டை?" என்று கேட்டார். "மணல் கலர்." அறிவித்தார்கள். காவிச் சட்டை போட்ட ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். பிறகு சாம்பல் சட்டைக்காரர் ஒருவர். இருவரும் என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். வேறு வழி தெரியாமல் உன் கடைக்குப் போன் போட்டு, மணல் கலர் சட்டை என்று உன்னிடமும் சொன்னேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீ கேட்ட முதல் கேள்வி: "எந்த மணலுன்னு சொன்னலே?"

காலையில் அவரை உடுத்தச் சொல்லி விரட்டியவன் நான். ஏதோ மணல் கலர் என்பதற்கு மேல் சட்டையைச் சரியாகப் பார்க்கவில்லை.

"நனைஞ்ச ஆத்து மணலு. மெல்லிசா ஒரு கோடு ஓடும். மாமாவுக்கு நாந்தாம்லே கிழிச்சுக் குடுத்தேன். மணல் கலருல அவருக்கு இருக்குற சட்ட அது ஒண்ணுதான்" என்று பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்தாய். அந்தச் சட்டைக்குக் கிழித்த துணிச்சுருளில் மிஞ்சியது.

ஒலிபெருக்கியிடம் நீ போகவில்லை. துணியைப் பிடித்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினாய். நான் பின்னால் ஓடினேன். சுந்தரபாண்டியம் போய்த் திரும்பியிருந்த ஒரு கண்டக்டர் துணியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "இதே சட்டதான். கடேசி ஸ்டாப்புல எறக்கிவிட்டேன். யாரையோ தேடிக்கிட்டே இருந்தாரு."

சுந்தரபாண்டியத்தில் டீக்கடை பெஞ்சில் அப்பா இருந்தார். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. என்னைப் பார்த்தும் அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. உன்னைத்தான் அடையாளம் கண்டார். பதறி எழுந்து உன் கையைப் பிடித்தார்.

"மருமகனே, எம் மகன் தேர்க் கூட்டத்துல தொலஞ்சு போயிட்டான். ஒவ்வொரு பஸ்ஸா ஏறிப் பாக்கேன். சின்னப்பய, பசி தாங்கமாட்டான்."

நீ என்னைப் பார்க்கவில்லை. அதற்காக உனக்கு எத்தனையோ நாள் மனசுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன். "கெடச்சுட்டான் மாமா, வீட்டுல சாப்புட்டுக்கிட்டு இருக்கான், வாங்க" என்று அவரைத் தாங்கிப் பிடித்து நடத்தினாய். திரும்பும் பஸ்ஸில் அவர் உன் தோளில் தூங்கினார். நான் பின்சீட்டில் அழுதேன்.

இரண்டு வருடம் கழித்து அப்பா போனார். இந்த மாசியில் நீயும் போய்விட்டாய். கையை உதறியவன் நான்தான் என்று உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. இதோ, இப்போது சொல்லிவிட்டேன்.

அந்தத் தேர் நாளிலிருந்து வீட்டை விட்டு யார் கிளம்பினாலும் அவர்கள் உடுப்பை ஒருமுறை நின்று பார்க்கிறேன். "என்ன அப்பிடிப் பாக்கிய?" என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நிற்கிறேன்.