லாச்சிக்குள் வைத்த கடிதம்

ஹம், ஜெர்மனி
22.3.1987, ஞாயிறு

அன்பு மகள் தேவமலருக்கு அம்மா எழுதுவது. ஆண்டவரின் காவலில் இங்கே அப்பாவும் நானும் தங்கச்சி ஜெசிந்தாவும் சுகமாக இருக்கிறோம். மொன்றியலில் நீயும் மருமகன் அன்ரனும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும் என்று இன்று பூசையில் கேட்டுவிட்டு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன். உனக்கு ஆறாம் மாதம் என்று எழுதியிருந்தாய். கால் வீங்கினால் சும்மா விடாதே, டொக்டரிடம் சொல்.

முதலில் ஜெசிந்தாவின் வருத்தத்தைப் பற்றி. தை மாதம் மூன்ஸ்டர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மொழிபெயர்க்க அங்கே படிக்கிற இந்தியத் தமிழ்ப் பொடியன் ஒருவர் வந்திருந்தார், நல்ல பிள்ளை. இவ்வளவு காலமும் அவளுடைய உடம்பில் இருக்கிற பால்தேத்தண்ணி நிறப் பொட்டுகளை மச்சம் என்றுதானே நினைத்திருந்தோம். அது நரம்புகளில் சிறிய கட்டிகள் வரக்கூடிய ஒரு பரம்பரை வருத்தமாம். வாயில் நுழையாத நீளப் பெயர் ஒன்றைத் தாளில் எழுதித் தந்தார்கள். புத்தியில் குறையில்லை, ஆனால் இந்த வருத்தம் உள்ள பல பிள்ளைகளுக்கு எழுத்து மனதில் பதிய மற்றவர்களைவிட நாள் எடுக்கும் என்று டொக்டர் சொன்னார். பிறகு அப்பாவின் சேட்டைக் கழற்றச் சொன்னார். முதுகிலும் இடுப்பிலும் அதே பொட்டுகள். அப்பா சேட்டைத் திரும்பப் போட்டு, பொத்தானைக் கழுத்துவரை பூட்டினார். ஊரில் அவர் பேப்பரை என் பக்கம் தள்ளி, கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன் நீ வாசி என்பாரே, நினைவிருக்கிறதா? இருபத்தைந்து வருசமாக அந்தக் கண்ணாடி ஒருநாளும் அகப்பட்டதில்லை. நான் அதை யோசித்ததே இல்லை மகள். இனி நான் எழுதப்போகிறதையும் அவர் வாசிக்கமாட்டார், அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

எங்களுக்கு மேல்மாடியில் கமலநாயகி குடும்பம் இருக்கிறது என்று முன்னரும் எழுதினேன். புருசன் தம்பித்துரை, ஒரே மகள் சிவகௌரி. ஜெசிந்தாவும் அவளும் ஒரே வயது, பத்து. இந்த மாடிக் கட்டிடத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் ஐந்துக்கும் ஜெர்மனில் வருகிற கந்தோர்க் கடிதங்களை அந்தப் பிள்ளைதான் வாசித்துச் சொல்லுகிறது. நானும் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய வாசலில் போய் நிற்பேன். கமலநாயகி உள்ளே பார்த்து, கௌரி, பிளோறன்ஸ் ஆன்ரிக்கு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு என்பாள். அந்தப் பிள்ளை பாணைக் கடித்தபடியே, நின்ற நிலையில், கடகடவென்று வாசித்து அர்த்தம் சொல்லும். அதைக் கேட்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரியும் மகள். மறைத்துப் பயனில்லை, பொறாமைதான். என்னுடைய பிள்ளை பின்னேரம் முழுக்க மேசையில் விரலால் எழுத்தைக் கீறிக் கீறி ஒரு சொல்லோடு கிடந்து மாய்கிறாள், சிவகௌரிக்கு மட்டும் அது பாண் தின்கிற மாதிரி. கமலநாயகி ஒருநாள், ஜெசிக்கு என்ன அக்கா, அவள் நல்லாய்ப் பாடுவாள்தானே என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள் என்று தெரியும். ஆனாலும் இரண்டு கிழமை அவளுடன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எங்கள் பிள்ளையை வாசிக்கப் பிந்துகிற பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றின அதே மாதத்தில்தான், சிவகௌரியைக் கிம்னாசியும் என்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்கு எடுக்கலாம் என்று வகுப்பு ரீச்சர் சிபாரிசு எழுதினார். கமலநாயகி அதைப் படிக்கட்டில் சந்தித்த எல்லோருக்கும் சொன்னாள். அங்கேயிருந்து கடிதம் வரும், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

அந்தக் கடிதம் எங்கள் பெட்டிக்குள் விழுந்தது. தபால்காரனுக்கு எங்கள் பெயர்கள் எல்லாம் ஒன்றுதான். உறையின் மேல் கிம்னாசியும் என்று அச்சடித்திருந்தது. எனக்கு ஜெர்மன் தெரியாவிட்டாலும் அந்தச் சொல் கேட்டுக் கேட்டுப் பாடம். மேலே கொண்டுபோய்க் கொடுக்கத்தான் இரண்டு படி ஏறினேன். அந்த வாசலையும் கமலநாயகியின் சந்தோசத்தையும் நினைத்தேன், கால் ஏறவில்லை. திரும்பி வந்து குசினி மேசை லாச்சியை இழுத்து, பழைய பில்லுகளுக்குக் கீழே வைத்துவிட்டேன். நாளைக்குக் கொடுப்போம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாளும் அதையேதான் சொன்னேன். கமலநாயகி ஒவ்வொரு நாளும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இண்டைக்கும் ஒண்டும் இல்லை அக்கா என்பாள். நான், வரும், வரும் என்பேன். எப்படி அப்படிச் சொன்னேனோ தெரியாது.

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, ஜெசிந்தா கத்தரிக்கோல் தேடி லாச்சியைத் திறந்திருக்கிறாள். நான் வெங்காயம் அரிந்துகொண்டு நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. த... தம்... தம்பி... தம்பித்... பாதியில் விட்டுவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து. மட்டையில் ஜன்னல் மாதிரி வெட்டி அவளுடைய ரீச்சர் கொடுத்ததை எழுத்துக்கு மேல் நகர்த்தி நகர்த்தி, வேர்த்து விறுவிறுத்து, தம்பித்துரை என்று முழுதாகச் சொன்னாள். அம்மா, இது எங்கட இல்லை, கௌரியாக்களின்ர என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாக அவள் வாசித்த முதல் பெயர் அது. கட்டிப்பிடித்துக் கொஞ்சவேண்டிய நேரம். நான் வெங்காயக் கையைத் துடைத்துக் கடிதத்தை வாங்கினேன், அவ்வளவுதான்.

மேலே போகும்போது ஒரு பொய்யைத் தயார்பண்ணினேன், இன்றுதான் பெட்டிக்குள் கிடந்தது என்று சொல்லலாம் என்று. ஜெசிந்தா எனக்கு முன்னால் ஓடிவிட்டாள். கதவைத் திறந்த கமலநாயகியிடம், ஆன்ரி, அம்மா லாச்சிக்குள்ள வச்சிருந்தவா, நான்தான் பேர் வாசிச்சுக் கண்டுபிடிச்சனான் என்று ஒரே பெருமையாகச் சொன்னாள். கமலநாயகி என்னைப் பார்த்தாள். எத்தனை நாள் அக்கா என்று மட்டும் கேட்டாள். பதினொன்று என்றேன். சிவகௌரி உறையைக் கிழித்து வாசித்தாள். பெயர் பதிவதற்கு வரச்சொல்லியிருந்த நாள் செவ்வாய்க்கிழமை, அது போய் மூன்று நாள். கமலநாயகி ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஜெசிந்தாவின் தலையைத் தடவி, கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை காலை நானும் அவர்களுடன் பஸ்ஸில் போனேன். அவள் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். பள்ளிக்கூடக் கந்தோரில் இருந்த அம்மாவிடம் பிழை என்னுடையது, கடிதத்தை ஒளித்தது நான், பிள்ளையைத் தண்டிக்கவேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அதை ஜெர்மனில் சொல்ல அங்கே சிவகௌரியைத் தவிர வேறு ஆர் இருக்கிறார்கள்? நான் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு திரும்பி இரண்டே வசனம் பேசியது. கந்தோர் அம்மா சிரித்து, வேறொரு நாளைக்கு வரச்சொல்லி டெர்மின் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து, நான் சொன்ன மாதிரியே சொன்னனியோ பிள்ளை என்று கேட்டேன். இல்லை ஆன்ரி, கடிதம் பிழையான பெட்டிக்குள்ள விழுந்திட்டுது எண்டு சொன்னனான், அதுவும் உண்மைதானே என்றாள். பத்து வயதுப் பிள்ளை. நான் நன்றிதான் சொல்லியிருக்கவேண்டும், சொன்னேனும். ஆனால் மகள், உன்னிடம் மறைக்கமாட்டேன், பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பிள்ளையின் நல்ல மனதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இதையும் கமலநாயகிக்கே கொடுத்திருக்கிறாயே ஆண்டவரே என்று. ஆவணியில் அவள் அங்கே போகிறாள், இடம் கிடைத்துவிட்டது. கமலநாயகி கண்டால் தலையாட்டுகிறாள், நின்று கதைப்பதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வந்த அன்றும், மாடியில் அந்தப் பிள்ளை உரத்து வாசிக்கிற சத்தம் கேட்டபோது ஜன்னலைச் சாத்தினேன். எல்லாம் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன்.

நீ செய்யவேண்டியது ஒன்று. டொக்டர் தந்த அந்தப் பெயரைத் தனித் தாளில் பார்த்து எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன், உன்னுடைய டொக்டரிடம் காட்டு. உன்னைக் குளிப்பாட்டி வளர்த்தவள் நான், உன் உடம்பில் அப்படி ஒரு பொட்டும் இருந்ததில்லை. ஆனாலும் கேட்டுத் தெரிந்து வைத்திரு. பயப்படாதே, அன்ரனுக்கும் மறைக்காதே. கேட்டதும் எனக்கு எழுது, அதுவரை எனக்கு நித்திரை இல்லை. அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மாதா உன் பிள்ளையைக் குறையில்லாமல் கையில் தரட்டும், நீங்கள் மூவரும் நீடித்த சுகத்தோடு இருக்க அம்மாவின் ஆசீர்.

மறக்காமல், இனிமேல் உறையில் எங்கள் பெயரைக் கூட்டெழுத்தில் எழுதாதே. கொட்டை எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடம் விட்டு எழுது. தபால் பெட்டியின் திறப்பை ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டேன், இனிப் பெயர் பார்த்துக் கடிதம் எடுக்கிறவள் அவள்தான்.

உன் அம்மா
பிளோறன்ஸ் கிறிஸ்தோப்பர்