காப்பு அவிழ்க்கும் வரை

மச்சான்,

கோயில் திடலில் இன்று பூக்குழிக்கு விறகு அடுக்கிக் கொளுத்திவிட்டார்கள். புகை எங்கள் லயத்து வீடுகளுக்குள் வந்து நிற்கிறது. உன் தங்கச்சி கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். திருவிழாவுக்குப் போகவும் மனமில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

நாம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய காலத்தில் உன் கால் எங்களுக்கெல்லாம் ஒரு வேடிக்கை. வெட்டிய தேயிலைக் குச்சி உள்ளங்காலில் ஏறி இரத்தம் வழியும். நீ பாட்டுக்குச் சுருட்டும் வாயுமாக நடந்துகொண்டிருப்பாய். "எருமத் தோலுடா ஒனக்கு" என்று ஆரம்பித்து வைத்தவன் நான். தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. உன் சிறுநீரைச் சோதித்துவிட்டு, "சீனி வருத்தம்ப்பா. காலு மரத்துப் போச்சு. சுருட்ட விடு, காலுக்குச் சப்பாத்துப் போடு, தெனம் உள்ளங்காலப் பாரு" என்றார். சப்பாத்துப் போட்டால் துரை என்று கூப்பிடுவோம் என்று கேலி செய்தேன். நீ போடவேயில்லை.

பிரஜா உரிமை மனுவுக்கு நாம் அலைந்த வருசம் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் கண் திறக்கவில்லை. அவள் பிழைத்தால் பூ மிதிப்பதாக மாரியம்மனுக்கு நேர்ந்தவன் நீ. பெற்றவன் நான் நேரவில்லை. எனக்கு நெருப்பென்றால் பயம். பிள்ளை எழுந்து கஞ்சி குடித்தாள்.

காப்புக் கட்டி நீ இறங்கினாய். மற்றவர்கள் ஓடினார்கள். நீ நடந்தாய், நடுவில் நின்று கும்பிடவும் செய்தாய். "சூடே தெரியல மச்சான்" என்றாய். தோட்டமே உன் காலில் விழுந்தது. டிஸ்பென்சர் ஐயா சொன்னது எவருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் விழுந்தேன்.

மறுநாள் உள்ளங்காலில் தோல் கழன்றது. பூக்குழியில் கால் வெந்தால் விரதத்தில் குறை, நேர்த்தி செல்லாது என்பார்கள். ஆகவே எவரிடமும் சொல்லவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து நானே கட்டினேன். நாலாம் நாள் நாற்றம் எடுத்தது. ஐந்தாம் நாள் பெருவிரல் கறுத்தது. உனக்கு வலியே இல்லை.

"டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா மச்சான்?" என்று கேட்டாய். மறுபூசை முடிந்து காப்பு அவிழ்க்கும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. "இன்னும் மூணு நாளுதான, பொறுத்துக்க" என்றேன்.

காப்பு அவிழ்த்து எல்லை தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, காலைத் தொடையில் வெட்ட வேண்டியதாகிவிட்டது. டொக்டர் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டு, "மூணு நாளைக்கு முந்திக் கொண்டாந்திருந்தா வெரலோட போயிருக்கும்" என்றார். அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ கட்டை ஊன்றி வந்து, "ஆத்தா கால எடுத்துக்கிட்டு மருமகளக் குடுத்துட்டா" என்று எல்லோரிடமும் பெருமை பேசினாய். இரண்டு வருசத்தில் மற்றக் காலிலும் புண் வந்தது. அதோடு போய்ச் சேர்ந்துவிட்டாய்.

டொக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை, மச்சான். தினமும் புண்ணின் கட்டுப் பிரித்துப் பார்த்தவன் நான். உன் கால் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. காப்போடு நீ எல்லை தாண்டினால் பிள்ளைக்குக் காய்ச்சல் திரும்பிவிடும் என்று பயந்தேன். உன் காலா, என் மகளா என்று எனக்குள்ளேயே கேட்டு, உன்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டேன்.

உன் மருமகளுக்குப் போன மாதம் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு அதே கேள்வியை மறுபடி கேட்டுப் பார்த்தேன். பதில் மாறவில்லை.