ஏழு பேரில் மூன்றாவது ஆள்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. நேற்று சாட்சிக் கூண்டில் ஏறி, "இந்த முகத்த அண்ணன் போன்ல முன்னாடியே காட்டிட்டாரு" என்றாயே, நீ நன்றாக இரு. சொல்லிவிட்டு நிதானமாக மூக்குக்கண்ணாடியை வேறு துடைத்தாய். ஒரு கைப்பைக்காக என் பெண்டாட்டியைத் தள்ளிவிட்டுக் கொன்றவன் அவன். அவனுக்கு வக்கீல், உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர். செத்தவளுக்கு அங்கே யார் இருந்தார்கள்? அன்று அவள் பக்கத்தில் நடந்துபோன நீ ஒருத்திதான். நீயும் கட்சி மாறிவிட்டாய்.

மறுபடி கூப்பிடுவார்கள். ஏதோ குழப்பத்தில் உளறிவிட்டேன், அடையாளம் காட்டச் சொல்லி ஜெயிலில் வரிசையாக நிறுத்திய ஏழு பேரில் மூன்றாவது ஆளை நானேதான் அடையாளம் கண்டேன் என்று சொல். இல்லையென்றால் எனக்குத் தங்கச்சியே கிடையாது.

அண்ணன்

மார்ச் 9

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்டால் அதற்கும் திட்டுவாய். கேட்கவில்லை.

கட்சி மாறினேனா? அண்ணி விழுந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் உன்னிடம் முதலில் என்ன சொன்னேன்? "முகத்தப் பாக்கலண்ணா, அண்ணியத்தான் பாத்துட்டிருந்தேன்." நான்கு நாள் கழித்து, தெரிந்த போலீஸ்காரர் அனுப்பிய படம் என்று என் சமையலறையில் நின்று போனை நீட்டினாய். "இவன்தான், நல்லா மனசுல ஏத்திக்க" என்றாய். ஏற்றிக்கொண்டேன். வரிசையில் அந்த முகத்தைத்தான் தொட்டுக் காட்டினேன். அவன் செய்தானா இல்லையா, எனக்குத் தெரியாது. ஒன்பது மாதமாக உள்ளே கிடக்கிறான். செய்தவன் வேறு யாரோ என்றால், அவன் ஜாலியாக வெளியே சுற்றுவதற்கு நீயும் நானும்தான் காரணம்.

எத்தனை தடவை கூப்பிட்டாலும் இதையேதான் சொல்வேன். உன்னையும் கூப்பிடுவார்கள். நீ என்ன சொல்லப்போகிறாய்?

தங்கச்சி

மார்ச் 21

தங்கச்சிக்கு,

நேற்று கூப்பிட்டார்கள். போனைக் கேட்டார்கள், கொடுத்தேன். படத்தை அழிக்கவில்லை. இத்தனை மாதமும் காலையில் அதைப் பார்த்துச் சபித்துவிட்டுத்தான் பல் துலக்கவே போவேன். தங்கச்சிக்குக் காட்டினீர்களா என்று நீதிபதி கேட்டார். காட்டினேன் என்றேன். உனக்காகச் சொன்னேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் வந்ததிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்தால் யாரோ ஒரு பையன் மாதிரி இருக்கிறான். திட்ட வாய் வரமாட்டேன் என்கிறது. என் பெண்டாட்டியைக் கொன்றவனுக்கு இப்போது முகமே இல்லை. அதையும் நீ பிடுங்கிக்கொண்டாய்.

நீ சொன்னது உண்மைதான். அதற்காகவே உன்னை மன்னிக்க மாட்டேன். வீட்டுப் பக்கம் வராதே.

அண்ணன்