தம்பியின் பூஜ்யம்

12 செப்டம்பர்

நிலச்சரிவில் சாய்ந்த செல்போன் கோபுரத்தை அடுத்த ஆண்டுதான் நிறுத்துவார்களாம். அதுவரை எங்கள் மலையின் ஐந்து ஊர்களுக்கும் என் ஏற்பாடு, நான் எழுதிய ஒரு செயலி: இரண்டு போன்கள் அருகருகே வந்தால் ஒன்றிலுள்ள செய்திகள் மற்றொன்றுக்குத் தாவும், கை மாறி, ஊர் மாறி, உரியவரைச் சேரும். எல்லோரும் பெற விரும்புகிறார்கள், சுமக்க எவருமில்லை. ஆகவே விதி: பிறர் செய்தியைச் சுமப்பவருக்குப் புள்ளி. புள்ளி மிகுந்தவரின் செய்தி முன்னே செல்லும்.

19 செப்டம்பர்

காப்பிக்கடை ஃபோடிஸ் எல்லோர் போனையும் ஒரு ரொட்டிக் கூடையில் குவித்திருக்கிறான். அவை தமக்குள் செய்திகளை மாற்றிமாற்றிப் புள்ளி சேர்க்கின்றன.

"உக்காந்த எடத்துலயே ஊழியம், வாத்தியாரே."

சரிபார்த்தேன். விதிக்கு முரணில்லை.

3 அக்டோபர்

ஆட்டுப்பட்டிக்கு ஏறினேன். தம்பி லாம்ப்ரோஸ் போனை அணைத்தே வைத்திருக்கிறான். புள்ளி: பூஜ்யம்.

"இந்த சூரியத் தகட்டுல ஒண்ணு விளக்கு எரியும், இல்ல போன். ஊரான் வாழ்த்தச் சுமக்க என் பாட்டரியா? எனக்கு மட்டும் விலக்கு குடேன், அண்ணே."

தம்பிக்கு விலக்கு அளித்தால் அது விதியாகாது என்றேன்.

"அப்பா மாதிரியே பேசுற" என்று பாலாடைக்கட்டி வெட்டித் தந்தான்.

11 அக்டோபர்

மழை.

26 அக்டோபர்

புனித திமித்ரியோஸ் நாள். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர். பெயர்நாள் வாழ்த்துகள் நானூற்றுக்கு மேல். என் போனும் கூடையில் இருந்தது. ஏற்பாடு தாங்கியது. குளிர்காலத்துக்காக மந்தைகள் கீழிறங்கின. லாம்ப்ரோஸ் இறங்கவில்லை.

27 அக்டோபர்

மாலை 4.10. ரொட்டி வண்டி ஓட்டும் கூலாவின் போனிலிருந்து எனக்கு ஒரு செய்தி. எழுதியது நேற்றுக் காலை 7.40.

"அண்ணே நெஞ்சு வலிக்குது. கார எடுத்துட்டு வா."

நேற்று பட்டிக்குக் கீழே அவள் வண்டி கடந்தபோது தாவியிருக்கிறது. நேற்றே காப்பிக்கடை முன் இரண்டு நிமிடம் நின்றாள். அந்த இரண்டு நிமிடமும் மேலூர் வாழ்த்துகளுக்கே போயின. பூஜ்யப் புள்ளிக்காரனின் செய்தி கடைசியில்.

போனேன். போய் என்னத்துக்கு — ஆடுங்க பட்டிக்குள்ளயே நின்னுட்டிருந்துச்சு.

29 அக்டோபர்

அடக்கம்.

2 நவம்பர்

கூலா வந்தாள். "என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சிருந்தா நானே ஓடி வந்திருப்பேனே, வாத்தியாரே."

சுமப்பவர் வாசிக்க இயலாதபடி பூட்டியவனும் நான்தான். அது சரியான விதி. இப்போதும்.

4 நவம்பர்

புள்ளி விதியை நீக்கினேன். நிரலில் எழுபத்திரண்டு வரிகள். இனி யார் சுமப்பார்கள்? தெரியவில்லை.

"அப்ப என் மூவாயிரம் புள்ளி?" என்றான் ஃபோடிஸ். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையை உள்ளே எடுத்துப் போனான்.

4 டிசம்பர்

நாற்பதாம் நாள். இறந்தவன் நினைவாக அவித்த கோதுமையைக் கூலாவின் வண்டியில் ஊர் ஊராகக் கொடுத்தோம். லாம்ப்ரோஸின் போனை அவனுடைய சூரியத் தகட்டிலேயே சார்ஜ் ஏற்றி, என் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மாலைவரை தாங்கியது. அதில் முப்பத்தொரு செய்திகள் ஏறி இறங்கின. யாருடையவை என்று தெரியாது.